இதயத்துச் சிறு வாயிலும் ஒற்றைத் தலைவலியும்

தலையின் ஒரு பாதியைப் பற்றிக்கொண்டு வருத்தும் நோயை நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். தில்லியில் அண்டை வீட்டார் 'ஆதாசீசீ' என்பர். கல்கத்தாவில் 'ஆத்கபாலி' என்பர். வலி மட்டுமன்று, குமட்டலும், வெளிச்சம் பொறாமையும், சிலருக்குக் கண்முன் மின்னும் வளைகோடுகளும் உடன் வருவதுண்டு.

இந்நோயாளர் சிலரிடம், இதயத்தைப் படம் பிடித்த மருத்துவர் 'தில் மே சேத்' என்று சொல்லிவிடுகிறார். இதயத்தில் ஓட்டை! அச்சொல் கேட்ட வீட்டில் அன்றிரவு எவர்க்கும் உறக்கமில்லை. கலியாணத்துக்குரிய பெண்ணாயின் கவலை இருமடங்கு. ஆகவே அந்த 'ஓட்டை' யாதெனப் பார்ப்போம்.

கருவிலுள்ள சிசுவின் நுரையீரல் காற்றை அறியாது. ஆதலின் இரத்தத்தில் ஒரு பெரும் பங்கு நுரையீரலுக்குச் செல்லாமல், இதயத்தின் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு ஒரு சிறு வாயில் வழியே நேரே பாய்கின்றது. பிறந்து மூச்சிழுத்ததும் இடப்புறத்து அழுத்தம் மிகுந்து, கதவு போன்ற சவ்வொன்று அவ்வாயிலை அடைக்கிறது. நாளடைவில் ஒட்டியும் கொள்கிறது. ஏறக்குறைய நால்வரில் ஒருவர்க்கு அது ஒட்டுவதில்லை. இருமும்போதும் முக்கும்போதும் சற்றே திறந்து மூடும். அவர்களிற் பெரும்பாலோர் அதனை அறியாமலே வாழ்நாளைக் கழிக்கின்றனர்.

தலைவலி இதனுள் எவ்வாறு புகுந்தது? கடலில் மூழ்குவோர்க்கு வரும் அழுத்த நோய்க்காகவும், பக்கவாதத்துக்காகவும் இவ்வாயிலை அடைத்துக்கொண்டவர்களில் பலர்க்கு ஒற்றைத் தலைவலி தணிந்ததென 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர்கள் எழுதினர். நுரையீரல் வடிகட்ட வேண்டிய நுண்கட்டிகளோ வேறு பொருள்களோ குறுக்குவழியில் மூளையை அடைகின்றன போலும் என்று கருதினர். அழகிய ஊகந்தான். ஆயின் சோதனை வேண்டுமன்றோ?

2008-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 147 பேர் பங்குகொண்டனர். அனைவர்க்கும் மயக்கமருந்து, அனைவர்க்கும் தொடையிடுக்கில் கீறல். ஆயின் பாதிப் பேர்க்கே அடைப்புக் கருவி பொருத்தப்பட்டது. யார் எவரென நோயாளிக்குத் தெரியாது. முடிவில், கருவி பெற்றவருள் மூவர்க்கும் பெறாதவருள் மூவர்க்கும் தலைவலி அறவே நின்றது! 2017-இல் அமெரிக்காவில் 230 பேரிடம் நடந்த ஆய்வும் தான் குறித்த இலக்கை எட்டவில்லை. எனினும் கருவி பெற்றவருள் வலி முற்றும் நின்றோர் சற்று மிகுதி. ஒளிக்கோடுகள் காண்போரிடம் பயன் இருக்கலாம் என்று அதனால் எண்ணுகின்றனர். அவ்வளவே.

ஆதலின், தலைவலி ஒன்றிற்காகவே சேமிப்பையெல்லாம் செலவிட்டு வாயிலை அடைக்க விரைவது தகாது என்பது நம் கருத்து. வேறு காரணம் புலப்படாமல் பக்கவாதம் வந்தவர் செய்தி வேறு. தக்காரைத் தேர்ந்து அடைத்தால் அது மீண்டும் வருவது குறைகிறதென்பதை 2017-ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின.

தலைவலிக்கோ, வருமுன் தடுக்கும் மாத்திரைகளும் வந்தவுடன் தணிக்கும் மாத்திரைகளும் உள்ளன. கடையில் தாமே வாங்கி மாதத்தில் பாதி நாள் வலிமாத்திரை விழுங்கினால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கும். வலி வந்த நாள், நேரம், உட்கொண்ட மருந்து ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருக. அவ்வூர் மொழி சரளமாக வாராதவர்க்கு, மருத்துவர் முன் அக்குறிப்பேடே பாதி பேசிவிடும்.