வெற்றி மேடையில் உயர்ந்த கரங்கள்



'படிப்பிலும் விளையாட்டிலும் முதலிடம் பெற்றுவிட்டால் இழிவு தானே அகன்றுவிடும்' என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வரலாற்று நிகழ்ச்சியை இன்று எடுத்துக்கொள்வோம்.

1968 அக்டோபர் 16. மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தை 19.83 விநாடியில் ஓடி, உலக சாதனையுடன் தங்கம் வென்றார் அமெரிக்கக் கறுப்பின மாணவர் டாமி ஸ்மித். வாரத்திற்குப் பயிரிட்ட ஏழை உழவரின் மகன் அவர். பிள்ளைப் பருவத்தில் பருத்தி பறித்தவர். ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன் இரண்டாமிடமும், கறுப்பினத்தவரான ஜான் கார்லோஸ் மூன்றாமிடமும் பெற்றனர்.

பரிசளிப்பின்போது ஸ்மித்தும் கார்லோஸும் காலணியின்றிக் கறுப்புக் காலுறையுடன் நின்றனர். அது தம் மக்களின் வறுமைக்கு அடையாளம். கார்லோஸ் அணிந்த மணிமாலை, வெறிக்கும்பல்களால் கொல்லப்பட்டோரின் நினைவு. நாட்டுப்பண் ஒலிக்கையில் இருவரும் தலை கவிழ்ந்து, கறுப்புக் கையுறை அணிந்த கரத்தை உயர்த்தினர். இருந்ததோ ஒரே இணைக் கையுறை. ஆளுக்கொன்றாக அணியுங்கள் என்றவர் நார்மன். மனித உரிமைச் சின்னத்தைத் தம் மார்பிலும் அவர் அணிந்து நின்றார்.

வென்றால் தம்மை அமெரிக்கர் என்பர், தவறிழைத்தால் நீக்ரோ என்பர் என்னும் பொருள்பட ஸ்மித் அன்று உரைத்தார். இச்சொல்லின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை!

விளைவு என்ன? இரு கறுப்பின வீரர்களும் போட்டிகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கொலை மிரட்டலும் வறுமையும் தொடர்ந்தன. நார்மன் 1972 மியூனிக் ஒலிம்பிக்கிற்கு அனுப்பப்படவில்லை. 2006இல் அவர் மறைந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தோருள் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தனர். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2012இல் வருத்தம் தெரிவித்தது. ஆனால் அதைக் கேட்க நார்மன் இல்லை.

இளைஞர்களே! பதக்கம் இழிவைத் துடைக்கவில்லை. ஆயினும் உலகம் காணும் மேடையைத் தந்தது. அம்மேடையை அவர்கள் உழைப்பால் பெற்றனர். ஆகவே படியுங்கள், பயிலுங்கள், வெல்லுங்கள். மேடையேறிய பின் கீழே நிற்கும் நம்மவரை மறவாதீர்கள். அருகில் வந்து நிற்கும் நேர்மையாளர் எவராயினும் அவர் கரத்தைப் பற்றுங்கள். ஸ்மித் பின்னாளில் கல்லூரிப் பயிற்சியாளராகவும், கார்லோஸ் பள்ளியில் மாணவர் ஆலோசகராகவும் பணிபுரிந்தனர். உயர்ந்த கரங்கள் இறுதியில் அடுத்த தலைமுறைக்கே பயன்பட்டன. நம் கழகத்தின் நோக்கமும் அதுவேயன்றோ!