முகாமில் ஒரு வாளி நீர்



தெல்தோட்டை மலையிலே பாடசாலை நடத்துபவர் அகதி முகாமைப் பற்றிப் பேசுவானேன் என்று தாங்கள் வினவலாம். எங்கள் முன்னோர் இம்மலைக்கு வந்ததே ஒரு முகாமின் வழியாகத்தான். தோட்ட வேலைக்கு வந்தோரை இராமேசுவரத்துக்கு அணித்தாகிய மண்டபத்திலே நிறுத்தி, வாந்திபேதி முதலிய நோய்கள் இல்லையெனக் கண்ட பின்னரே இலங்கை அரசாங்கம் கப்பலேற்றிற்று. 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் இங்கிருந்து கடல் கடந்து சென்றோரும் அதே மண்டபத்திலே தங்கினர்.

அக்கலவரத்தை அடுத்து மலையகத்தார் பலர் வன்னிக்குக் குடிபெயர்ந்தனர். என் பள்ளித் தோழி ஒருத்தியின் குடும்பமும் சென்றது. 2009 இல் போர் முடிவுற்றபோது அவளும் முகாமொன்றில் இருந்தாள். பின்னாளில் உறவினரைக் காண இங்கு வந்தவள் என்னிடம் கூறியது இது: “சவர்க்காரம் தந்தார்கள். கை கழுவுங்கள் என்று படமும் ஒட்டினார்கள். ஒரு வாளி நீருக்கு அரை நாள் நின்றவள், அதைக் கையில் ஊற்றுவாளா, உலையில் ஊற்றுவாளா?”

இவ்வினாவுக்கு என்னால் விடை கூற இயலவில்லை. பிள்ளைகளுக்குச் சுகாதாரம் போதிக்கும் நாமெல்லாம், அழுக்குக் கையை அறியாமையின் அடையாளமாகவே எண்ணிப் பழகிவிட்டோம்.

அவ்வாண்டில் செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாமில் மாத்திரம் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். ஆகஸ்டு மாதத்து மழையிலே மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. செங்கண்மாரியும் பரவிற்று. இந்நோயின் இயல்பைச் சற்றே கவனியுங்கள். நோயாளியின் மலத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து உணவுக்கும் செல்வது இது. கண் மஞ்சளிப்பதற்கு ஓரிரு வாரம் முன்னரே கிருமி வெளிப்படத் தொடங்கிவிடும். சிறு குழந்தைகளில் பலருக்குக் கண் மஞ்சளிப்பதே இல்லை. ஆகவே நோயாளரைப் பிரித்து வைத்து இதனை முற்றாகத் தடுத்தல் அரிது. மலசலகூடத்திலிருந்து வெளிவரும் ஒவ்வொரு கைக்கும் அங்கேயே நீர் கிடைத்தல் வேண்டும். அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது.

இத்தகைய இடங்களுக்கென உலகநாடுகளின் தொண்டு நிறுவனங்கள் ‘ஸ்பியர்’ என்னும் நியமங்களை வகுத்துள்ளன. ஆளொருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர். 250 பேருக்கு ஒரு குழாய். மாதந்தோறும் குளிக்க 250 கிராம் சவர்க்காரம். பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 250 பேருக்கு 3,750 லீற்றர். நிமிடத்துக்கு ஏழரை லீற்றர் வீதம் குழாய் ஓடினால், எட்டு மணி நேரத்துக்கும் மேலாகும். நியமத்தின்படி அமைந்த முகாமிலேயே குழாய்க்கு ஓய்வில்லையெனில், அது குறைந்த இடத்தில் கை கழுவ யாருக்குப் பொழுதுண்டு?

இது வடக்குக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்திலும் மலைகள் சரிந்தன. வீடிழந்தோர் பலர் பாடசாலைகளிலே தஞ்சம் புகுந்தனர். பகற்பொழுது மட்டும் தங்கும் பிள்ளைகளுக்கென அமைந்த கட்டடங்கள் அவை. குழாய் முற்றத்தின் ஒரு கோடியிலும் மலசலகூடம் மறுகோடியிலுமாக இருக்கும். இருளில் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடப்பாளா?

பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. துளையிட்ட பிளாஸ்டிக் கலனொன்றை மலசலகூட வாயிலிலே கட்டித் தொங்கவிட்டு, அதன் கழுத்திலிருந்து ஒரு கயிற்றைத் தரையிலுள்ள கோலோடு பிணைத்தால், கோலை மிதிக்கக் கலன் சாயும். சிறிது நீரே விழும். அழுக்குக் கை எதனையும் தொடவேண்டியதில்லை. கயிற்றிலே கட்டிய சவர்க்காரம் காணாமற் போவது வழக்கம் (பாடசாலையில் நான் நன்கறிந்த செய்தி). அதனைக் கரைத்துப் போத்தலில் ஊற்றி வைத்தால் நிலைக்கும். ஆயினும் அக்கலனை நாள்தோறும் நிரப்ப ஓர் ஆள் வேண்டும். அவருக்குக் கூலியும் வேண்டும். முகாம்களின் செலவுக் கணக்கிலே முதலில் விடுபடுவது இந்தக் கூலியே என்பது என் ஐயம்.

தோழி விடைபெற்றபோது, எங்கள் பீலியில் விழும் நீரைச் சற்று நேரம் பார்த்து நின்றாள். “இது நிற்பதே இல்லையா?” என்றாள். மாசியில் மெலிந்துவிடும் என்றேன்.