சேற்றிலிருந்து நுரையீரலுக்கு



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பெரும்போக மழை தொடங்கினால், வரம்பு கட்டுகிறவரின் கால் நாள் முழுக்கச் சேற்றில்தான். குதிக்கால் வெடிப்பையும் மண்வெட்டி பட்ட கீறலையும் யார் கணக்கெடுக்கிறோம்? ஆனால் அந்தச் சேற்றில் வாழும் ஒரு பக்டீரியாவுக்கு அதுவே வாசல்.

அது தரும் நோய் மெலியோய்டோசிஸ். 1912இல் ரங்கூனிலிருந்து விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்கள். இலங்கையில் 1927இலேயே பதிவாகிவிட்டது. மட்டக்களப்பிலும் மழையையும் வெள்ளத்தையும் அடுத்து இந்த நோயாளர்களைக் கண்டிருக்கிறார்கள். காயத்தால் மட்டுமல்ல, மூச்சோடும் தண்ணீரோடும் கிருமி உள்ளே போகும். சீனி வருத்தக்காரரைத்தான் அதிகம் தாக்கும். பலருக்கு நிமோனியாவாக வரும். சிலருக்கு நாளாகிக் காசநோய் போலத் தெரியும். வேறு சிலருக்குச் சில நாளிலேயே மூச்சு முட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் விட்டுச் சுவாச இயந்திரம் பூட்ட வேண்டிவரும்.

உயிர் காக்கும் அந்தக் குழாயே கிருமிக்கு இன்னொரு வாசலாகலாம். குழாய் தொண்டையில் இருக்கையில் நோயாளியால் சரியாக இரும முடியாது. வாயில் ஊறும் எச்சில் குழாயோரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கும். இயந்திரத்தில் இரண்டு நாள் கடந்தபின் வரும் நிமோனியாவுக்கு இதுவே முக்கிய காரணம். அதனால்தான் தாதியர் கட்டிலின் தலைமாட்டை 30 பாகைக்குமேல் உயர்த்தி வைக்கிறார்கள், வாயைத் துப்புரவாக்குகிறார்கள். “அப்பா சரிஞ்சு கிடக்கிறார், கொஞ்சம் பதிச்சு விடுங்கோ” என்று கேட்காதீர்கள். கையைக் கழுவிவிட்டு அவரைத் தொடுங்கள்.

மெலியோய்டோசிஸுக்கு வழக்கமான பென்சிலினும் ஜென்டாமைசினும் உதவா. இரத்தத்தையோ சளியையோ ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்துத்தான் கிருமியை உறுதிசெய்வார்கள். அதற்குச் சில நாளாகும். செஃப்டசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 நாள், பிறகு மூன்று மாதமளவில் குளிசை. காய்ச்சல் விட்டதென்று குளிசையை நிறுத்தினால் நோய் திரும்பும்.

ஆகவே, சேற்றில் இறங்குமுன் காயத்தை மூடுங்கள். கிடைத்தால் பூட்ஸ் போடுங்கள். மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், டொக்டர் கேட்காவிட்டாலும் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: “வயலில் நின்றனான். எனக்குச் சீனி இருக்கு.” சரியான மருந்தை முதல் நாளே தொடங்க அந்த இரண்டு வசனம் உதவும்.