பேய்க் குரலா? மனிதன் கைவேலையா?



ஜமைக்காத் தீவில் ஒரு பூட்டிய கட்டிடத்தில் கிடந்து மீண்டுவந்த பழைய ஒலிநாடாக்களைப் பற்றி இன்று பேசப்போகிறேன். “மூடநம்பிக்கை ஒழிப்பு மேடையில் பாட்டுக் கச்சேரி எதற்கு?” என்று சிலர் நினைக்கலாம். சங்கதி இருக்கிறது. கேட்டுவிட்டு, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜமைக்கா 1655 முதல் 1962 வரை ஆங்கிலேயரிடம் இருந்த சிறு தீவு. கரும்புத் தோட்ட வேலைக்காக ஆப்பிரிக்க மக்களை விலங்கு மாட்டிக் கொண்டுவந்து மாடுகளைப்போல் விற்றார்கள். 1838-இல்தான் அவர்களுக்கு முழு விடுதலை கிடைத்தது. அம்மக்களின் சந்ததியார் கிங்ஸ்டன் நகரத்து ஏழைத் தெருக்களில் உண்டாக்கியதே ரெகே இசை. அதற்குப் பிறந்த பிள்ளை டப்.

டப் என்றால் என்ன? நாடாவில் டிரம்மை ஒரு தடத்திலும், பாட்டுக் குரலை வேறொரு தடத்திலுமாகத் தனித்தனியே பதிகிறார்கள். பிறகு ஒருவர் மேஜைமுன் உட்கார்ந்து குரலை இறக்கிவிடுகிறார். டிரம்மையும் கனத்த அடிநாதத்தையும் ஏற்றுகிறார். திடீரென்று ஒரு சொல் மாத்திரம் வந்து, கிணற்றுக்குள் கத்தினதுபோல் திரும்பத் திரும்ப ஒலித்து மறைகிறது. கேட்டவர்கள் ஆவி என்றார்கள், மாயம் என்றார்கள்.

தோழர்களே, அந்த ஆவியின் விலாசத்தைச் சொல்லுகிறேன். நாடா முதலில் பதியும் முனையையும் பிறகு ஒலிக்கும் முனையையும் கடக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி 2 அங்குலம், நாடாவின் வேகம் நொடிக்கு 7.5 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், குரல் கால் நொடிக்குச் சற்றுப் பிந்தி வரும். அதையே மறுபடியும் பதியவிட்டால் எதிரொலிமேல் எதிரொலி. இவ்வளவுதான் பேய்!

இக்கலையில் பேர்பெற்ற கிங் டப்பி என்பவரின் இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடக். ரேடியோ ரிப்பேர் செய்து, டிரான்ஸ்பார்மர் சுற்றிப் பிழைத்தவர். எந்தத் தேவி வந்து அவர் நாவில் எழுதினாள்? கலை தெய்வ அருளென்றும் பரம்பரைச் சொத்தென்றும் சொல்லுகிறவர்கள் அவருடைய சூட்டுக்கோலைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இனி அந்த நாடாக்களுக்கு வருகிறேன். சீன வம்சத்தவரான வின்சென்ட் சின், காசு போட்டால் பாடும் பெட்டிகளைப் பராமரிக்கும் வேலையிலிருந்தவர். பெட்டியிலிருந்து கழித்த பழைய இசைத்தட்டுகளை விற்றே வியாபாரம் தொடங்கினார். அவர் மனைவி பாட்ரிசியா சீன, இந்திய வம்சங்கள் கலந்தவர். இருவரும் கிங்ஸ்டனில் நார்த் பரேட் 17-ஆம் எண்ணில் ‘ராண்டிஸ்’ கடையை நடத்தி, 1968-ஐ ஒட்டி மாடியில் ஒலிப்பதிவு நிலையமும் வைத்தார்கள். எரல் தாம்சன் என்னும் இளைஞர் அங்கே மேஜைமுன் உட்கார்ந்தார். 1973-இல் வெளிவந்த ‘ஜாவா ஜாவா ஜாவா ஜாவா’ டப் தட்டுகளில் மிக முந்தியவைகளில் ஒன்று.

1970-களின் கடைசியில் அக்குடும்பம் நியூயார்க் போய்விட்டது. நாடாக்கள் கட்டிடத்திலேயே கிடந்தன. 1988-இல் கில்பர்ட் புயல் தீவையே புரட்டிப் போட்டது; கட்டிடத்தில் கொள்ளையும் நடந்தது. அப்படியும் தப்பியவைகளை வின்சென்ட்டின் மகன் கிளைவ் சின் மீட்டார். 2019-இல் இக்கதை படமாகவும் வந்தது.

“கடவுள் செயல்” என்று பக்தர் சொல்லுவார். அப்படியானால் அதே புயலில் கூரை இழந்த ஏழையைக் கடவுள் ஏன் மறந்தார்? ஈரத்தில் ஊறிப் பசையாகிவிடும் பழைய நாடாவை இளஞ்சூட்டில் பல மணிநேரம் வாட்டி எடுத்து ஓடவைப்பது மனிதன். இதில் பிரார்த்தனைக்கு வேலையே இல்லை.

அம்மக்களிலும் ஒரு பகுதியார், வெள்ளைக்காரன் தந்த கடவுளைத் தள்ளிவிட்டு, எத்தியோப்பிய அரசர் ஹெய்லி செலாசியைத் தெய்வமாக்கினார்கள். 1974-இல் பட்டாளத்தார் அவரை இறக்கினார்கள். 1975-இல் அவர் மாண்டார். பழைய கடவுளைத் தள்ளின துணிச்சலைப் போற்றுகிறேன். காலியான பீடத்தில் ஓர் அரசனை உட்காரவைத்ததைப் போற்றமாட்டேன்.

கடைசியாக முக்கியமான சங்கதி. வாத்தியக்காரர்களுக்குப் பெரும்பாலும் பாட்டொன்றுக்கு இவ்வளவென்று ஒரேதரம் கூலி கொடுத்தார்கள். அதே வாசிப்பைத் திருப்பித் திருப்பி டப் ஆக்கி விற்றபோது புதுக்கூலி இல்லை. பல தட்டுகளில் பேர்கூட இல்லை. 2018-இல் உலக நாடுகளின் யுனெஸ்கோ ரெகேயை மனித இனத்தின் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. சந்தோஷம். ஆனால் மீண்டுவந்த நாடாவை இன்று விற்கிறவர்களைக் கேட்கிறேன்: டிரம் அடித்தவன் யார்? அவனுக்கோ அவன் பிள்ளைகளுக்கோ பங்கு என்ன?

ஆகவே தோழர்களே, அதிசயம் என்று யாராவது எதையாவது காட்டினால் கும்பிடாதீர்கள். இதைச் செய்த கை எது, அந்தக் கைக்குக் கூலி கொடுத்தீர்களா என்று கேளுங்கள். அதுவே பகுத்தறிவு, அதுவே சுயமரியாதை.