ஆட்டத்தை விற்றவர்களும் அணியை வைத்திருந்தவர்களும்

(சாம்பியன் ரீப்ஸ் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர் சமஸ்தானம் இந்தச் சுரங்கங்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. தங்கம் கலந்த பொருளை ஒருவர் அனுமதியின்றிக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்றது அச்சட்டம். 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது சுரங்கங்கள் வேலைநிறுத்தத்தில் ஸ்தம்பித்தன. ஜான் டெய்லர் கம்பெனியின் தங்கமோ கப்பலேறி லண்டனுக்குச் சென்றுகொண்டிருந்தது. அந்தக் கணக்கில் எவருடைய கைரேகையும் கேட்கப்படவில்லை. சுரங்கம் மூடப்பட்டு இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னும், கிரிக்கெட் சூதாட்ட வழக்குகளைப் படிக்கும் எவருக்கும் இந்தப் பழைய கதை நினைவுக்கு வராமல் போகாது.

2013 மே 16 அன்று ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் மூன்று வீரர்களை டெல்லி போலீஸ் கைது செய்தது. குறிப்பிட்ட ஓவரில் குறிப்பிட்ட ரன்களை விட்டுக்கொடுக்கத் தரகர்களிடம் பணம் பெற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. தொலைக்காட்சிகள் அந்த மூவரின் முகங்களை வாரக்கணக்கில் காட்டின. எட்டே நாட்களில் மும்பை போலீஸ் குருநாத் மெய்யப்பனைக் கைது செய்தது. அவர் அப்போதைய கிரிக்கெட் வாரியத் தலைவர் என்.சீனிவாசனின் மருமகன். சீனிவாசன் அப்போது சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராகவும் இருந்தார். அணியின் நிர்வாகியாக வலம் வந்த மருமகன், கைதுக்குப் பின் வெறும் கிரிக்கெட் ஆர்வலராகச் சுருக்கப்பட்டார்.

இதற்கு வழிகோலியது 2008இல் நடந்த ஒரு விதித் திருத்தம். வாரிய நிர்வாகி எவரும் வாரியம் நடத்தும் போட்டிகளில் வணிக ஆதாயம் கொண்டிருக்கக் கூடாது என்ற விதி அதுவரை இருந்தது. ஐபிஎல் அந்த விதியிலிருந்து விலக்கப்பட்டது. அப்போது வாரியத்தின் பொருளாளராக இருந்தவரும் சீனிவாசனே. விதியை வகுக்கும் அமைப்பில் அமர்ந்திருப்பவரின் நிறுவனமே அந்த விதிக்குக் கட்டுப்பட்ட அணியையும் வைத்திருந்தது. 2015 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாது என்றது. மருமகனின் குற்றத்தைச் சீனிவாசன் மூடிமறைத்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றும் அதே தீர்ப்பு கூறியது. அதையும் சொல்லியாக வேண்டும். அவ்வாண்டு ஜூலை 14 அன்று நீதிபதி லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளின் உரிமை நிறுவனங்களை இரண்டாண்டு விலக்கி வைத்தது. மெய்யப்பனுக்கும் ராஜஸ்தான் அணியின் பங்குதாரர் ராஜ் குந்த்ராவுக்கும் கிரிக்கெட் தொடர்பான எதிலும் ஈடுபட ஆயுள் தடை விதிக்கப்பட்டது.

அதே மாதத்தில் டெல்லி நீதிமன்றம் அந்த மூன்று வீரர்களை வழக்கிலிருந்து விடுவித்தது. வாரியமோ ஸ்ரீசாந்தின் ஆயுள் தடையை நீக்க மறுத்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது ஏழாண்டாகக் குறைந்தது. இதற்கிடையே 2018இல் சென்னை அணி திரும்பி வந்து கோப்பையை வென்றது. பந்து வீச்சாளனுக்கு ஏழாண்டு என்றால் அவன் விளையாட்டு வாழ்க்கையே முடிந்தது என்று பொருள். மூலதனத்துக்கு இரண்டாண்டு என்பது ஓய்வுக் காலம்.

கர்நாடகத்திலும் இது நடந்தது. 2019இல் கர்நாடக பிரீமியர் லீக்கில் ஓர் அணியின் உரிமையாளரும், பின்னர் பல்லாரி அணியின் வீரர்கள் இருவரும் பெங்களூரு போலீசாரால் கைது செய்யப்பட்டனர். 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. ஆட்டத்தை விற்பது நேர்மைக் கேடாக இருக்கலாம், ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆவது பிரிவின்படி மோசடி ஆகாது. நடவடிக்கை எடுக்க வேண்டியது வாரியம் என்பது தீர்ப்பின் சாரம். டிக்கெட் வாங்கிய ரசிகன் ஏமாற்றப்பட்டவன் ஆகமாட்டான். இந்தத் தீர்ப்பைக் குறை கூறுவதைவிட, இதற்கெனச் சட்டம் இயற்றாத நாடாளுமன்றத்தைக் கேள்வி கேட்பதே பொருத்தம்.

நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இந்த நாடகம் முழுமையாக அரங்கேறியது. 1919ஆம் ஆண்டின் பேஸ்பால் இறுதித் தொடரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் எட்டு வீரர்கள் சூதாடிகளிடம் பணம் பெற்றுத் தோற்கச் சம்மதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டனர். அவர்களில் புகழ்பெற்றவர் ஜோ ஜாக்சன், தெற்குக் கரோலினாவின் பஞ்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் ஆலையில் உழைத்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். உரிமையாளர் சார்லஸ் காமிஸ்கியின் கஞ்சத்தனமே காரணம் என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. மற்ற அணிகளோடு ஒப்பிட்டால் அந்த அணியின் ஊதியம் குறைவானதல்ல என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஒப்பந்தத்தின் ஒரு விதி வீரனை முதலாளியின் உடைமையாக்கியிருந்தது. முதலாளி விற்றாலன்றி அவன் வேறு அணிக்குப் போக முடியாது. பேரம் பேசும் உரிமையற்ற உழைப்பாளியைச் சூதாடி அணுகுவது எளிது.

1921 ஆகஸ்ட் 2 அன்று நடுவர் குழு அவர்களை விடுவித்தது. மறுநாளே பேஸ்பால் ஆணையர் கென்னசா லாண்டிஸ் எட்டு வீரர்களையும் வாழ்நாள் முழுவதும் விலக்கினார். இந்த லாண்டிஸ் யார் என்பதைத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். 1918இல் உலகத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களைப் போர் எதிர்ப்புக் குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்பிய நீதிபதி அவரே. பில் ஹேவுட்டுக்கு 20 ஆண்டு விதித்தவர். அத்தகையவரை அணி முதலாளிகள் தேடிப்பிடித்து விளையாட்டின் காவலராக்கினர். 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டங்கள் மாநிலங்களுக்கு இடையேயான வணிகம் ஆகாது, ஏகபோகத் தடைச் சட்டம் அதைத் தொடாது என்றது. வீரனைக் கட்டிவைத்த விதி 1975 வரை நீடித்தது. லாண்டிஸ் 1944இல் மறையும் வரை பெரிய லீக்குகளில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இறங்கவில்லை. அந்த நிறத் தடைக்கு எதிராக 1936 முதல் இடைவிடாது எழுதிய பத்திரிகைகளில் முன்னின்றது கம்யூனிஸ்ட் கட்சியின் டெய்லி வொர்க்கர். அதன் விளையாட்டுப் பக்க ஆசிரியர் லெஸ்டர் ராட்னி. விளையாட்டுப் பக்கம் கட்சிப் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள் அவரைப் படிப்பது நல்லது.

இன்று தரகன் இருட்டில் நிற்க வேண்டியதில்லை. 2020இல் ஐபிஎல் தொடரின் பெயரிலேயே ட்ரீம்11 இருந்தது. 2023இல் இந்திய அணியின் சட்டையில் ஏறியது. மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்கு ரயிலேறும் சுரங்கத் தொழிலாளியின் பேரனிடம் அந்தச் செயலி கைப்பேசியில் வந்து சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து விளையாடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் தடை செய்தது. உடனே வாரியம் வேறு விளம்பரதாரரைத் தேடியது.

அதே ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் நிறைவேறியது. அதில் தகவல் உரிமைச் சட்டம் அரசு நிதி பெறும் விளையாட்டு அமைப்புகளுக்கு மட்டுமே என்று திருத்தம் செய்யப்பட்டது. கிரிக்கெட் வாரியம் அரசிடம் நிதி பெறுவதில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கமாக, தன் கணக்கேடுகளோடு அது தொடர்கிறது.