வீட்டு வேலைக்கும் பேர் போடுங்கள்

(பனையோலைக் கைப்பணியும் சவர்க்காரம் செய்முறையும் பார்ப்பதற்காக யாழ்ப்பாணம் புத்தூருக்கு வந்திருந்த தோட்டத்துப் பெண்களிடம், அவ்வூர்க் கைப்பணிப் பயிற்சியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



தீபாவளி வந்தால் தோட்டத்தில் முதலில் எழும் பேச்சு முற்பணம் என்று நீங்கள் சொன்னீர்கள். முற்பணம் கையில் வரும்போது சந்தோஷம். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டும்போதுதான் அது கடன் என்று தெரியும். பண்டிகை வந்தால் நமக்குச் செலவு, கடைக்காரருக்கு வரவு. அந்த வரவில் கொஞ்சத்தையாவது நம்முடைய வீட்டுப் பக்கம் திருப்ப முடியுமா? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

சவர்க்காரம் எங்களுக்குப் பெரிய பாடம் சொல்லித் தந்த பொருள். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு, குடாநாட்டுக்குச் சாமான் வருவது தடைப்பட்டது. சவர்க்காரம் கிடைப்பதே அருமையாகப் போனது. அப்போது எங்கட சனம் பழைய வழிக்குத் திரும்பியது. பனம்பழத்தைப் பிசைந்து, அந்தக் களியைத் தண்ணீரில் கரைத்து உடுப்புத் தோய்த்தார்கள். பனங்களியில் சப்போனின் என்ற நுரைக்கிற பொருள் இருக்கிறது. அழுக்குப் போகும், ஆனால் வாசம் போகாது. கொடியில் காயப்போட்ட சட்டையை மாடு வந்து சப்பும்! இன்றைக்குச் சிரிக்கிறோம். ஆனால் காசு கொடுத்து வாங்குவது மட்டும்தான் வழி என்றில்லை, கைக்கெட்டின பொருளிலும் வழி உண்டு என்பதை அந்தக் காலம் காட்டியது.

பனங்களியை இன்றைக்கு ஒருவரும் பரிசாக வாங்கமாட்டார்கள். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தை வாங்குவார்கள். எங்கட கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறிவருகிற கடினத் தண்ணீர்; அதிலேயே இது நன்றாக நுரைக்கும். உங்கட மலைத் தண்ணீரில் கேட்கவே வேண்டாம்.

அளவைக் குறித்துக்கொள்ளுங்கோ. எல்லாம் நிறுத்து எடுக்க வேண்டும், கண்மதிப்பு கூடாது. தேங்காய் எண்ணெய் 1 கிலோ. கோஸ்டிக் சோடா 150 கிராம். தண்ணீர் 350 கிராம். மொத்தம் ஒன்றரைக் கிலோ. பன்னிரண்டு துண்டாக வெட்டினால் ஒன்று 125 கிராம். காய்ந்த பிறகு ஈரம் போய் எடை குறையும். ஆகவே வெட்டின அன்றைய எடையை அல்ல, காய்ந்த பிறகு நிறுத்த எடையைத்தான் சீட்டில் எழுத வேண்டும்.

சோடாவைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவுக்கு மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, பொங்கித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சோடா அதை அரிக்கும். எவர்சில்வர் பாத்திரம் எடுங்கோ. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காற்றோட்டமான வெளியிடத்தில் செய்யுங்கோ. கரைசல் கொதிநீர் மாதிரிச் சுடும். அதுவும் எண்ணெயும் இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு, கரைசலை எண்ணெயில் விட்டு, தோசை மா பதம் வரும்வரை கலக்குங்கோ. கையால் கலக்கினால் நேரம் எடுக்கும், பொறுமை வேண்டும். அச்சில் ஊற்றி, இறுகியதும் அன்றைக்கே கையுறையோடு வெட்டிவிடுங்கோ. தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் சீக்கிரம் இறுகும், பிந்தினால் வெடித்து உதிரும்.

ஒன்றைத் திரும்பச் சொல்கிறேன். லயன் காம்பிரா சின்னது, பிள்ளைகள் காலுக்குள்ளேயே நிற்கும். சோடாவைத் தண்ணீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி வைக்கவே வேண்டாம். பெயர் எழுதி, பூட்டி வையுங்கோ. தோலிலோ கண்ணிலோ பட்டால், ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷமாவது கழுவ வேண்டும். கண்ணென்றால் கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ. பூட்டிவைக்க வசதியில்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பொது இடத்தில் செய்யலாம்.

வெட்டின துண்டுகளைக் காற்றுப்படும்படி அடுக்கி, நான்கு முதல் ஆறு கிழமை காயவிட வேண்டும். மலையில் மழையும் மூடுபனியும் அதிகம், ஆகவே ஆறு கிழமை என்றே வைத்துக்கொள்ளுங்கோ. இதிலிருந்து கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கோ. ஐப்பசித் தீபாவளிக்கு ஆவணியிலேயே ஊற்றியிருக்க வேண்டும். கிறிஸ்மஸ் என்றால் ஒக்டோபர் முடிவதற்குள். தைப்பொங்கலுக்குக் கார்த்திகை நடுப்பகுதிக்குள். பண்டிகைக்குப் பத்து நாள் முன்னர் தொடங்கினவர் ஈரச் சவர்க்காரத்தை விற்பார். வாங்கினவர் அடுத்த வருஷம் திரும்பியும் பார்க்கமாட்டார்.

இனிப் பெட்டி. எங்களுக்குப் பனை இருக்கிறது. சார்வோலையை வார்ந்து, சாயத்தில் அவித்து, மூடியோடு சின்னப் பெட்டி இழைக்கிறோம். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை, கற்பகம் விற்பனை நிலையங்கள் மூலம் இப்படிப்பட்ட பனைப் பொருட்களைக் கொழும்பு வரைக்கும் கொண்டுபோனது. பக்கத்து நவக்கிரியில் நிலாவரைக் கிணறு பார்க்க வருகிறவர்களும் ஞாபகத்துக்கு ஒன்று வாங்குவார்கள். மூன்று சவர்க்காரத்தை வெறும் கடதாசியில் சுற்றினால் அது சாமான். ஓலைப்பெட்டியில் வைத்தால் அது பரிசு.

அதற்குள் ஒரு தேயிலைப் பக்கற்றையும் வைப்போமே என்று ஒரு தங்கச்சி கேட்டா. நல்ல யோசனைதான். ஆனால் தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பது எனக்கு விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டையும் வேறு வேறு பெட்டியாகக் கொடுங்கோ.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விலை. சாமான் விலை ஏறும், இறங்கும். கணக்குப் போடும் முறை மாறாது. உதாரணத்துக்கு, ஒரு ஊற்றுக்குச் சாமான் செலவு 1,800 ரூபா என்று வைப்போம். பன்னிரண்டு துண்டு, ஒன்று 150. மூன்று துண்டு 450. ஓலைப்பெட்டி 200, நாடாவும் சீட்டும் 50. ஆக ஒரு பெட்டிக்குச் செலவு 700. அதை 1,000க்கு விற்றால் மிச்சம் 300. நான்கு பெட்டிக்கு 1,200. கடைக்காரர் ஒரு பெட்டிக்கு 150 எடுத்தால் உங்களுக்கு 600தான்.

இப்போது கேளுங்கோ: அந்த 600க்கு எத்தனை நாள் வேலை செய்தீர்கள்? கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர் போட்டுவிட்டார்கள் என்று சண்டை பிடிக்கிறீர்கள், அது நியாயம். அப்படியென்றால் உங்கட கைவேலைக்கு நீங்களே அரைப் பேர் போடலாமா? "வீட்டில் சும்மா இருந்த நேரம்தானே" என்று சொல்லாதீங்கோ. கொழுந்து பறித்து, தண்ணீர் சுமந்து, சமைத்து முடித்த பெண்ணுக்குச் சும்மா இருந்த நேரம் எங்கே இருக்கிறது? ஒரு கொப்பியில் செய்த வேலையை நேரத்தோடு எழுதுங்கோ. மிச்சக் காசை நாளால் பிரியுங்கோ. மலையில் எடுக்கும் ஒரு பேருக்குக் குறைந்தால், விலையையோ செய்யும் முறையையோ மாற்ற வேண்டும்.

மாற்ற வழி இருக்கிறது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று ஊற்று ஊற்றினால் மூன்று மடங்கு நேரம் எடுக்காது. பன்னிரண்டு பெட்டியையும் முன்கூட்டியே ஓடர் எடுத்து நேரடியாக விற்றால் மிச்சம் 3,600. ஆசிரியர்மார், தோட்டத்து உத்தியோகத்தர்மார், கோயில், மாதா கோயில், டவுன் கடை என்று ஒரு பட்டியல் போடுங்கோ. பாதிக் காசு முன்பணமாக வாங்குங்கோ. கடைக்குக் கொடுத்தால் எத்தனை கொடுத்தோம், எப்போது காசு, விற்காததை எப்போது திருப்பி எடுப்பது என்று எழுதி, கையெழுத்து வாங்குங்கோ. பண்டிகைக் கடன் பொங்கலுக்கும் வராது.

சீட்டில் என்ன போட்டீர்கள், எடை, ஊற்றின திகதி, விலை எழுதுங்கோ. சொறி மாறும், தேமல் போகும் என்று எழுத வேண்டாம். அது மருந்தல்ல, சவர்க்காரம். தொழில் கொஞ்சம் வளர்ந்ததும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கோ.

முதல் வருஷம் ஒரே ஒரு ஊற்றோடு தொடங்குங்கோ. அதற்கென்று வட்டிக்கு வாங்க வேண்டாம். அதில் வந்த மிச்சம் அடுத்த ஊற்றுக்கு முதலாகட்டும். இந்த முயற்சியால் முற்பணம் முழுக்க இல்லாமல் போகாது. பிள்ளையின் உடுப்பொன்றாவது கடனில்லாத காசில் வந்தால், அடுத்த மாதச் சம்பளத்தில் அவ்வளவு வெட்டுக் குறையும். அதுவே நல்ல தொடக்கம்.