பழைய கட்டுப்படுத்தியும் புதிய கண்காணிப்பும்



தொழிலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளாக ஓயாது உழைத்துவரும் கட்டுப்படுத்தி ஒன்று உளதெனக் கொள்ளுங்கள். எக்கிகளை ஓட்டுகின்றது, அடைப்பிதழ்களைத் திறக்கின்றது, வெப்பத்தை அளக்கின்றது. ஆயினும் அதன் உள்ளே நிகழ்வது அலுவலறையில் இருப்பார்க்குப் புலனாவதில்லை. கணிப்பொறித் திரையில் யாவும் தெரியவேண்டும் என மேலாளர் விழைகின்றார். "பழையதைத் தூக்கி எறிக, புதியதை வாங்குக" என விற்பனையாளர் கூறுகின்றார். உழைக்கும் பொறியை ஊமையென்று கருதி எறிவது அறிவுடைமையாகுமா? அது ஊமையன்று. அதனிடம் வினவும் முறையை அறிந்தார் குறைவு, அவ்வளவே.

இக்கருவியின் பிறப்பைச் சற்றே காண்போர்க்கு உண்மை விளங்கும். அமெரிக்காவின் செனரல் மோட்டார்சு நிறுவனத்தில், உந்துகளுக்குப் பல்லிணைப் பெட்டி செய்யும் பிரிவு, 1968-ஆம் ஆண்டில் ஒரு தேவையை முன்வைத்தது. இரிலே என வழங்கும் மின்காந்த மாற்றிகள் அந்நாளில் பலகை பலகையாகச் சுவரை நிறைத்திருந்தன. உந்தின் வடிவம் மாறுந்தோறும் அவற்றின் கம்பிகளையெல்லாம் பிரித்துக் கட்டவேண்டியிருந்தது. மாசச்சூசெட்சில் இருந்த பெட்போர்டு அசோசியேட்சு என்னும் சிறு குழுவினர் இதற்கு விடை கண்டனர். இடிக் மார்லி அவருள் ஒருவர். அவர்தம் 84-ஆவது பணியாதலின் அக்கருவி 084 எனப் பெயர் பெற்றது. 1969-இல் தொழிலகம் புகுந்தது. மோடிகான் என்னும் நிறுவனமும் அதனின்று தோன்றியது. மின்பணியாளர் முன்பே அறிந்திருந்த ஏணி வரைபடத்தையே அதன் நிரல் பின்பற்றியது. பணியாளனைக் கருவியின் மொழிக்கு இழுக்காமல், கருவியைப் பணியாளனின் மொழிக்குக் கொணர்ந்தமையே அதன் வெற்றிக்குப் பெருங்கரணியம்.

1979-இல் அந்நிறுவனமே மோட்பசு என்னும் உரையாடல் நெறியை வெளியிட்டது. அந்நெறி வெளிப்படையானது, எவரும் கற்கலாம், எவரும் கையாளலாம். ஆகவேதான் பிற நிறுவனங்களும் அதனைத் தழுவின. 2004-இல் அது தனியொரு நிறுவனத்தின் கையினின்று நீங்கிப் பொது அமைப்பொன்றின் பொறுப்பில் சேர்ந்தது. பூட்டி வைத்த நெறிகள் பல, அவற்றை ஆக்கியோரோடு மங்கின. பலர்க்கும் திறந்துவிட்ட இந்நெறியோ இன்றும் வழக்கில் உள்ளது.

இனி, இணைக்கும் முறையைக் கேளுங்கள். முதற்பணி கம்பி இழுப்பதன்று; கட்டுப்படுத்தியில் உள்ள நிரலைப் படியெடுத்து வைப்பதாம். பழங்கருவிகள் பலவற்றில் நினைவகத்தைக் காப்பது ஒரு சிறு மின்கலம். அது செயலற்றிருக்கையில் மின்னோட்டத்தை நிறுத்தினால் நிரல் அழியும். அதனை எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார், படியும் இராது. அன்று அத்தொழிலகமே நின்றுபோகும்.

அடுத்தது, வாயிலை அறிதல். ஆர்.எசு. 485 என்னும் தொடர் இணைப்பாயின் 1,200 மீட்டர் வரை கம்பி செல்லும். இயல்பான 32 கருவிகளை ஒரே இணையில் கோக்கலாம். விரைவு, சரிபார்ப்புத் துணுக்கு, கருவியின் முகவரி ஆகிய மூன்றும் இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும். முகவரி 1 முதல் 247 வரை அமையும். ஒன்று பிசகினும் மறுமொழி வாராது. கட்டுப்படுத்தி தானாகப் பேசாது. கேட்டால் மட்டுமே விடையிறுக்கும். இக்கம்பிக்கும் கணிப்பொறி வலையத்திற்கும் இடையே மொழிமாற்றிப் பெட்டி ஒன்றை நிறுத்தினால், தொடர்க்கம்பியின் உரை வலையத்தின் உரையாக மாறிச் செல்லும். பழங்கருவியில் ஒரு திருகாணியையும் கழற்றவேண்டியதில்லை.

மூன்றாவது, பதிவகங்களைப் பொருள் அறிந்து படித்தல். கையேட்டில் 40108 எனக் குறித்திருப்பது கம்பியில் 107 எனச் செல்லும். எண்ணிக்கை அங்கே சுழியில் தொடங்குகின்றது. சில கையேடுகள் சுழியிலிருந்தே எண்ணி எழுதியிருக்கும். இதனை உணராதார் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியவர் ஆவர். அங்கும் ஒரு விடை கிடைக்கும். அதுவும் பொருந்துவது போலவே தோன்றும்! அதுதான் இடர். ஒரு பதிவகம் 16 துணுக்குகளே கொள்ளும். 253 என்பது 25.3 பாகையைக் குறிக்கலாம். பெரிய எண்கள் இரு பதிவகங்களில் பிரிந்திருக்கும். எது முன், எது பின் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். ஆதலின், திரையில் கண்டதைக் களத்தில் உள்ள அளவியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எதனையும் நம்புதல் கூடாது.

நான்காவது, அளவறிந்து கேட்டல். நொடிக்கு 9,600 துணுக்கு விரைவில், அடுத்தடுத்துள்ள பத்துப் பதிவகங்களை ஒரே வினாவில் கேட்டால், கம்பியில் செல்லும் காலம் ஏறத்தாழ 38 மில்லிநொடி. பத்தையும் தனித்தனியே கேட்டால் ஏறத்தாழ 172 மில்லிநொடி. முதிய கருவியைப் பல வினாக்களால் துளைத்தல் தகாது.

ஐந்தாவதே தலையாயது. மோட்பசு நெறியில் "நீ யார்?" என்று கேட்கும் வழக்கமே இல்லை. கம்பியில் வந்தவன் எவனாயினும் கட்டுப்படுத்தி பணியும். தொழிலகத்திற்குள் மட்டும் வழங்கிய காலத்தில் அது குறையாகத் தோன்றவில்லை. 2024 சனவரியில் உக்கிரைனின் இலிவீவ் நகரில் நிகழ்ந்தது என்ன? வெப்பமூட்டும் அமைப்பின் கட்டுப்படுத்திகளுக்குப் பகைவர் மோட்பசு கட்டளைகளையே விடுத்தனர். 600-க்கும் மேற்பட்ட அடுக்ககங்கள், உறைகுளிரில், ஏறத்தாழ இரண்டு நாள் வெப்பமின்றிக் கிடந்தன. ஆதலால், கட்டுப்படுத்தியைப் பொது இணையத்தில் வைத்தல் ஆகாது. தனி வலையமும் தடுப்பரணும் வேண்டும். மொழிமாற்றிப் பெட்டியில் படிக்கும் கட்டளைக்கு மட்டுமே வழிவிட்டு, எழுதும் கட்டளையை அடைத்தல் வேண்டும். காண்பதற்கென்று திறந்த சாளரம் கள்வன் நுழையும் வாயிலாகலாமா?

தமிழன்பர்களே! இன்னும் ஒன்று எண்ணிப் பாருங்கள். கட்டுப்படுத்திக்குத் தெரிந்தவை எண்களே. ஆங்கிலமும் அன்று, பிறிதொரு மொழியும் அன்று. "கொதிகல அழுத்தம் மிகுந்தது" என்னும் எச்சரிக்கையைச் சொல்லாக்குவது மேலே இருக்கும் மென்பொருள். ஒருங்குறியில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒருங்குறியை ஏற்கும் மென்பொருளில் அந்த எச்சரிக்கையைத் தமிழில் எழுதத் தடை யாது? நள்ளிரவில் தனியே நிற்கும் தொழிலாளி, செந்நிறத்தில் ஒளிரும் ஓர் அயற்சொல்லின் பொருளைத் தேடி நிற்கும் சில நொடிகளில் உயிரே போகலாம். அங்கே தாய்மொழி அணிகலனன்று; காப்பு.

எனவே, கண்காணிப்பு அமைப்பு நிறுவுவோரிடம் அடைப்பிதழ், எக்கி, அழுத்தம், நீர்மட்டம் எனத் தமிழ்ப்பெயர் இட்ட பதிவகப் பட்டியலை முதல்நாளே எழுதிக் கொடுங்கள். பட்டியலின் ஒவ்வொரு வரியையும் களத்து அளவியோடு ஒப்பிட்டுக் குறியிடுங்கள். அதன்பின் அந்தப் பழம்பொறி தன் நிலையை ஒவ்வொரு நொடியும் தமிழிலேயே உரைக்கும்.